பந்தைத் தவறவிட்டவர், பந்தைக் காக்கக் கற்றுக்கொடுத்தார்

1988-ஆம் ஆண்டு சனவரி 17, ஞாயிற்றுக்கிழமை. அமெரிக்காவின் டென்வர் நகரில் உள்ள மைல் ஹை விளையாட்டரங்கம் நிரம்பி வழிகிறது. ஆட்டம் முடிய இன்னும் 1 நிமிடம் 12 நொடிகளே உள்ளன. கிளீவ்லாந்து பிரவுன்ஸ் அணியின் இளம் வீரர் ஒருவர் பந்தை வாங்கிக்கொண்டு இடது பக்கமாக ஓடுகிறார். எல்லைக்கோட்டுக்கு இன்னும் எட்டு கஜம், ஐந்து கஜம், மூன்று கஜம்... கோட்டைத் தொட்டுவிடப் போகிறார் என்று எல்லாரும் நினைக்கும் நேரத்தில், எதிரணி வீரரின் கை குறுக்கே வருகிறது. அடுத்த அடியில் அந்த இளைஞர் எல்லைக்கோட்டைக் கடந்துவிட்டார். ஆனால் அவர் கையில் பந்து இல்லை!

அந்த இளைஞரின் பெயர் எர்னஸ்ட் பைனர். வயது 25. அவர் பந்தைத் தவறவிட்ட அந்த நொடியை அமெரிக்க விளையாட்டு உலகம் இன்றும் 'தி ஃபம்பிள்', அதாவது 'அந்தத் தவறவிடல்' என்ற ஒரே சொல்லால் குறிப்பிடுகிறது. எத்தனையோ வீரர்கள் எத்தனையோ முறை பந்தைத் தவறவிட்டிருக்கிறார்கள். ஆனால் 'அந்த' என்று சுட்டிச் சொன்னால், அது பைனரைத்தான் குறிக்கும்.

ஒரு மனிதருடைய வாழ்வு முழுவதையும் ஒரு நொடியை வைத்து எடை போடலாமா? அந்த நொடிக்குப் பிறகு அவர் என்ன ஆனார்? இவற்றை இன்று சிந்தித்துப் பார்ப்போம்.

பந்தைச் சுமப்பவரின் பணி

அமெரிக்கக் கால்பந்து நம்மில் பலருக்குப் பழக்கமில்லாத விளையாட்டு. பெயரில்தான் கால் உண்டு. பெரும்பாலும் கையால் ஆடப்படுவது. ஓர் அணிக்கு 11 பேர். மைதானத்தின் நீளம் 100 கஜம். பந்தை வைத்திருக்கும் அணிக்கு நான்கு வாய்ப்புகள் தரப்படும். அதற்குள் பத்து கஜமாவது முன்னேற வேண்டும். முன்னேறினால் மேலும் நான்கு வாய்ப்புகள். இல்லையென்றால் பந்து எதிரணிக்குப் போய்விடும். பந்தோடு எதிரணியின் எல்லைக்கோட்டைக் கடந்தால் அது 'டச்டவுன்'. அதற்கு ஆறு புள்ளிகள். பிறகு பந்தை உதைத்துக் கம்பங்களுக்கு இடையே செலுத்தினால் மேலும் ஒரு புள்ளி.

இந்த அணியில் 'ரன்னிங் பேக்' என்றொரு வீரர் உண்டு. பந்தைக் கையில் வாங்கிக்கொண்டு, தன்னைவிடப் பருமனான எதிரிகளின் நடுவே புகுந்து ஓடுவது அவருடைய வேலை. அது மட்டுமல்ல. பந்தை எறியும் தலைமை வீரரை எதிரிகள் தாக்க வரும்போது இவர் குறுக்கே நின்று தடுக்க வேண்டும். தேவைப்பட்டால் எறியப்படும் பந்தைப் பிடித்துக்கொண்டும் ஓட வேண்டும். ஒவ்வொரு ஆட்டத்திலும் பலமுறை அடிபட்டு விழுந்து எழும் பணி இது. அதனாலேயே இந்த வீரர்களில் பெரும்பாலோரின் விளையாட்டு வாழ்வு சில ஆண்டுகளில் முடிந்துவிடுகிறது.

அவர்களுக்குச் சொல்லித்தரப்படும் முதல் கட்டளை ஒன்றுதான்: பந்தை விடாதே! பந்து கையிலிருந்து நழுவித் தரையில் விழுந்தால் யார் வேண்டுமானாலும் அதை எடுத்துக்கொள்ளலாம். பதினொரு பேர் உழைத்த உழைப்பு ஒரே நொடியில் எதிரணியின் கைக்குப் போய்விடும்.

280-ஆவது பெயர்

எர்னஸ்ட் பைனர் 1962-ஆம் ஆண்டு செப்டம்பர் 15-ஆம் நாள் ஜார்ஜியா மாநிலத்தின் மில்லெட்ஜ்வில் என்ற ஊரில் பிறந்தவர். கிழக்குக் கரோலினா பல்கலைக்கழக அணிக்காக விளையாடினார். அமெரிக்காவின் தொழில்முறை அணிகள் ஆண்டுதோறும் கல்லூரி வீரர்களை வரிசையாகத் தேர்ந்தெடுக்கும். 1984-ஆம் ஆண்டுத் தேர்வில் பைனரின் பெயர் பத்தாவது சுற்றில், 280-ஆவதாக அழைக்கப்பட்டது. இன்று அந்தத் தேர்வில் ஏழு சுற்றுகளே உள்ளன. இன்றைய நடைமுறையில் அவருடைய பெயர் அழைக்கப்பட்டே இருக்காது!

இப்படிக் கடைசி வரிசையில் வந்தவர், அடுத்த ஆண்டே எல்லாரையும் திரும்பிப் பார்க்க வைத்தார். 1985-இல் அவர் 1,002 கஜங்கள் ஓடினார். அதே அணியின் கெவின் மேக் 1,104 கஜங்கள் ஓடினார். ஒரே அணியின் இருவர் ஒரே ஆண்டில் ஆயிரம் கஜத்தைத் தாண்டுவது லீக் வரலாற்றில் அது மூன்றாவது முறைதான். கிளீவ்லாந்து, எஃகு ஆலைகளும் தொழிற்சாலைகளும் நிறைந்த உழைப்பாளிகளின் நகரம். உழைத்து மேலே வந்த இந்த வீரரை அந்த மக்கள் தங்களில் ஒருவராகவே பார்த்தார்கள்.

அந்த நாள் முழுவதும் நடந்தது என்ன?

1988 சனவரி ஆட்டத்திற்கு முன்கதை ஒன்று உண்டு. ஏறத்தாழ ஓராண்டுக்கு முன், 1987 சனவரி 11 அன்று, இதே டென்வர் பிராங்கோஸ் அணி கிளீவ்லாந்துக்கே வந்து, தோல்வியின் விளிம்பிலிருந்து 98 கஜங்கள் முன்னேறி ஆட்டத்தைச் சமன் செய்து, கூடுதல் நேரத்தில் 23-20 என்று வென்றது. 'சூப்பர் பௌல்' எனப்படும் இறுதிப் போட்டிக்குப் போகும் வாய்ப்பு கிளீவ்லாந்துக்குக் கைநழுவிப் போனது. அந்தக் காயம் ஆறுவதற்குள் அதே எதிரணி, அதே கட்டம், மீண்டும் வந்தது.

இம்முறை பாதி ஆட்டம் முடிந்தபோது கிளீவ்லாந்து 21-3 என்று பின்தங்கியிருந்தது. பலருக்கும் நம்பிக்கை போய்விட்டது. இரண்டாம் பாதியில் அணியைத் தூக்கி நிறுத்தியவர்களில் முதன்மையானவர் யார் தெரியுமா? பைனர்தான்! 32 கஜத் தொலைவிலிருந்து பந்தைப் பிடித்து ஒரு டச்டவுன். நான்கு கஜம் ஓடி இன்னொரு டச்டவுன். கடைசிக் கால் பகுதியில் ஆட்டம் 31-31 என்று சமநிலைக்கு வந்தது. பிறகு டென்வர் ஒரு டச்டவுன் எடுத்து 38-31 என்று முன்னேறியது. கிளீவ்லாந்து மீண்டும் மைதானம் முழுவதும் முன்னேறி, எட்டு கஜக் கோட்டுக்கு வந்து நின்றது. அந்த நேரத்தில்தான் பந்து பைனரிடம் தரப்பட்டது. அன்று மிக நன்றாக ஆடிக்கொண்டிருந்தவரும் அவரே.

குறுக்கே வந்தவர் டென்வரின் ஜெரமையா காஸ்டில். அவர் பைனரைப் பிடித்துக் கீழே தள்ள முயலவில்லை, பந்தையே குறிவைத்தார். பந்து நழுவியது. காஸ்டிலே அதன்மேல் விழுந்து எடுத்துக்கொண்டார். டென்வர் அணி நேரத்தைக் கடத்த வேண்டுமென்றே இரண்டு புள்ளிகளை விட்டுக்கொடுத்து, 38-33 என்ற கணக்கில் வென்றது.

அன்பார்ந்தவர்களே, இங்கே சற்று நின்று எண்ணிப் பார்ப்போம். அன்று பைனர் ஓடிய தூரம் 67 கஜம். பந்தைப் பிடித்து முன்னேறிய தூரம் 120 கஜம். மொத்தம் 187 கஜம், இரண்டு டச்டவுன்கள். இவற்றை யாரும் நினைவில் வைத்திருக்கவில்லை. நினைவில் நின்றது கடைசி இரண்டு கஜம் மட்டுமே! இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். அவர் கோட்டைக் கடந்திருந்தாலும் கிளீவ்லாந்து வென்றிருக்காது. கூடுதல் புள்ளியையும் எடுத்திருந்தால் ஆட்டம் சமநிலைக்கு வந்திருக்கும், அவ்வளவுதான். ஆனால் 'பைனரால் தோற்றோம்' என்ற கதையே ஊரெங்கும் நிலைத்தது.

காஸ்டிலைத் தடுத்து நிறுத்த வேண்டிய பொறுப்பு மற்றொரு சக வீரருக்கு இருந்தது. அந்தத் தடுப்பு நடக்கவில்லை என்று பயிற்சியாளர் மார்ட்டி ஷாட்டன்ஹைமர் பின்னாளில் விளக்கினார். ஒருவர் விழும்போது அதற்குப் பின்னால் எத்தனை பேருடைய பங்கு இருக்கிறது! நாம் காண்பதோ விழுந்தவரை மட்டும்தான்.

அருகில் நின்ற ஒருவர்

ஷாட்டன்ஹைமர் செய்த ஒரு காரியத்தைப் பாராட்டியே ஆகவேண்டும். பைனரைக் குறைகூறியவர்கள் முன், 'நாம் இந்த ஆட்டத்தில் கடைசிவரை நிலைத்து நின்றதே இவரால்தான்' என்ற பொருளில் அவர் எடுத்துச் சொன்னார். தோல்வியால் அவருக்கும் பேரிழப்புதான். பழியை ஓர் இளைஞரின் தலையில் போட்டுவிட்டு ஒதுங்குவது அவருக்கு எளிதாக இருந்திருக்கும். அவர் அப்படிச் செய்யவில்லை.

ஆயினும் காயம் ஆறவில்லை. தன் சக வீரர்களையும் ஒரு நகரத்தையும் கைவிட்டுவிட்டதாகத் தன்னை வாட்டிய அந்த உணர்வு பல ஆண்டுகள் தொடர்ந்ததைப் பற்றிப் பைனரே பின்னாளில் வெளிப்படையாகப் பேசியிருக்கிறார். தோல்வி ஒரு நாளில் முடிந்துவிடுகிறது. ஆனால் 'நான்தான் காரணம்' என்ற எண்ணம் மனிதரோடு வீட்டுக்கும் வருகிறது, படுக்கைக்கும் வருகிறது. 1989-இல் கிளீவ்லாந்து அணி அவரை வாஷிங்டன் அணிக்கு மாற்றிவிட்டது.

இரண்டாவது வாய்ப்பு

வாஷிங்டன் அணியின் பயிற்சியாளர் ஜோ கிப்ஸ். அவர் பைனரிடம் பழைய கதையைப் பார்க்கவில்லை. பந்தைத் தொடர்ந்து அவர் கையில் கொடுத்தார். 1990-இல் பைனர் 1,219 கஜங்கள் ஓடினார். 1991-இல் 1,048 கஜங்கள். இரண்டு ஆண்டுகளிலும் லீக்கின் சிறந்த வீரர்கள் ஆடும் 'புரோ பௌல்' போட்டிக்குத் தேர்வு பெற்றார்.

1992-ஆம் ஆண்டு சனவரி 26. மினியாபொலிஸ் நகரில் சூப்பர் பௌல் இறுதிப் போட்டி. வாஷிங்டனும் பஃபலோ பில்ஸ் அணியும் மோதின. அன்றைய ஆட்டத்தின் முதல் டச்டவுனை எடுத்தவர் யார்? பத்து கஜத் தொலைவிலிருந்து எறியப்பட்ட பந்தைப் பிடித்து எல்லைக்கோட்டைக் கடந்த எர்னஸ்ட் பைனர்! வாஷிங்டன் 37-24 என்று வென்றது. நான்கு ஆண்டுகளுக்கு முன் கோட்டருகே பந்தை இழந்தவர், இப்போது உலகமே பார்க்கும் மேடையில் அதைக் கையில் வைத்துக்கொண்டு கோட்டைக் கடந்தார்.

கதை இத்துடன் முடிந்திருந்தால் அது ஒரு நல்ல திரைப்படம்போல் இருந்திருக்கும். ஆனால் பைனர் இன்னொரு காரியம் செய்தார். 1994-இல் அவர் மீண்டும் கிளீவ்லாந்து அணிக்கே வந்து சேர்ந்தார். தான் விழுந்த ஊரின் முகத்தைப் பார்க்க அவர் தயங்கவில்லை.

1995-ஆம் ஆண்டு நவம்பரில் அணியின் உரிமையாளர், அணியைப் பால்டிமோர் நகருக்குக் கொண்டுபோவதாக அறிவித்தார். கிளீவ்லாந்து மக்களுக்கு அது வீட்டில் விழுந்த இழவுபோல் ஆயிற்று. டிசம்பர் 17 அன்று, பழைய மாநகர விளையாட்டரங்கில் பிரவுன்ஸ் அணியின் கடைசி ஆட்டம். அணி 26-10 என்று வென்றது. அன்று நூறு கஜத்திற்கும் மேல் ஓடியவர் 33 வயதான பைனர். ஆட்டம் முடிந்ததும் அவர் உடைமாற்றும் அறைக்குப் போகவில்லை. பார்வையாளர்கள் இருந்த பக்கம் போய், கண்ணீரோடு நின்ற மக்களைக் கட்டித் தழுவினார், கைகளைப் பற்றினார். ஒரு காலத்தில் அவரை நொந்துகொண்ட அதே மக்கள், தங்கள் துயரத்தின் நாளில் அவரைத் தங்களோடு சேர்த்து அணைத்துக்கொண்டார்கள். மன்னிப்பு என்பது சில நேரங்களில் சொற்களால் வருவதில்லை. ஒன்றாக அழும்போது வந்துவிடுகிறது.

ஆசிரியராக மாறிய வீரர்

1996, 1997 ஆண்டுகளில் பால்டிமோர் ரேவன்ஸ் அணியில் ஆடிவிட்டு, 14 ஆண்டு விளையாட்டு வாழ்வை பைனர் முடித்தார். அவர் பந்தோடு ஓடிய தூரம் மட்டும் 8,261 கஜம். ஏழரை கிலோமீட்டர்! அதில் பெரும்பகுதி எதிரிகளின் நடுவே, அடிகளை வாங்கிக்கொண்டு கடந்த தூரம்.

ஓய்வுக்குப் பின் அவர் ரேவன்ஸ் அணியிலேயே வீரர்களின் வளர்ச்சிக்கான பொறுப்பாளராகப் பணியாற்றினார். திடீரென்று பெரும் பணமும் புகழும் வந்து சேரும் இளம் வீரர்கள், குடும்பத்தையும் பணத்தையும் படிப்பையும் எதிர்காலத்தையும் சரியாக நடத்த உதவுவதே அந்தப் பணி. 2004-இல் ஜோ கிப்ஸ் வாஷிங்டன் அணிக்கு மீண்டும் பயிற்சியாளராக வந்தபோது பைனரையும் சேர்த்துக்கொண்டார். அன்று வீரராக நம்பியவரை இப்போது பயிற்சியாளராகவும் நம்பினார். பந்தைச் சுமக்கும் வீரர்களுக்குப் பயிற்சி தரும் பொறுப்பு பைனருக்குக் கிடைத்தது.

எண்ணிப் பாருங்கள்! பந்தைத் தவறவிட்டதற்காக நாடெங்கும் அறியப்பட்ட ஒருவரிடம், 'பந்தைத் தவறவிடாமல் இருக்கக் கற்றுக்கொடுங்கள்' என்று பொறுப்பை ஒப்படைக்கிறார்கள்.

அந்தப் பயிற்சி எப்படிப்பட்டது? பந்து ஐந்து இடங்களில் உடலோடு ஒட்டியிருக்க வேண்டும் என்பது இத்தகைய பயிற்சியாளர்கள் சொல்லித்தரும் பாடம். பந்தின் கூர்முனையை விரல்கள் மூடியிருக்க வேண்டும். உள்ளங்கை, முன்கை, மேற்கை, மார்பு ஆகிய நான்கும் அதை அழுத்திப் பிடிக்க வேண்டும். இந்த ஐந்தில் ஒன்று தளர்ந்தாலும் எதிரியின் கைக்கு இடம் கிடைத்துவிடும். வீரர்கள் ஓடும்போது இருபுறமும் ஆட்களை நிறுத்திப் பந்தைத் தட்டிவிடச் சொல்வார்கள். நாள்தோறும், சலிப்பு வருமளவுக்கு, இதைத் திரும்பத் திரும்பச் செய்ய வேண்டும். பெரும்பாலும் பந்து நழுவுவது வீரர் தூங்கும்போது அல்ல. வெற்றி கண்முன் தெரிந்து, கால்கள் கோட்டை நோக்கிப் பாயும்போதுதான். இதை ஒரு பாடநூல் சொல்வதற்கும், அந்த இரண்டு கஜத்தில் நின்ற மனிதர் சொல்வதற்கும் எவ்வளவு வேறுபாடு!

அவர் பயிற்சி தந்த ஆண்டுகளைப் பாருங்கள். 2005-இல் வாஷிங்டனின் கிளின்டன் போர்ட்டிஸ் 1,516 கஜம் ஓடி அந்த அணியின் சாதனையைப் படைத்தார். 2006-இல் போர்ட்டிஸ் காயமடைந்தபோது, மாற்றாக வந்த லாடெல் பெட்ஸ் 1,154 கஜம் ஓடினார். 2008-இல் பைனர் டென்னசி டைட்டன்ஸ் அணிக்குப் போனார். அங்கே 2009-இல் கிறிஸ் ஜான்சன் 2,006 கஜம் ஓடினார். லீக் வரலாற்றில் ஒரே பருவத்தில் இரண்டாயிரத்தைத் தாண்டிய ஆறாவது வீரர் அவர். அடுத்து ஜாக்சன்வில் அணி. 2011-இல் அந்த அணி 16 ஆட்டங்களில் ஐந்தில்தான் வென்றது. ஆனாலும் அதன் மோரிஸ் ஜோன்ஸ்-டுரூ 1,606 கஜம் ஓடி லீக்கிலேயே முதலிடம் பெற்றார். 2012-இல் டாம்பா பே அணியில், முதலாண்டு வீரரான டக் மார்ட்டின் 1,454 கஜம் ஓடினார்.

இவை அனைத்தும் ஒரு பயிற்சியாளரின் சாதனை என்று சொல்லிவிட முடியாது. ஓடியவர்கள் அந்த வீரர்கள்; வழியைத் திறந்து கொடுத்தவர்கள் அவர்களுடைய தோழர்கள். ஆனால் நான்கு அணிகளில், ஐந்து வெவ்வேறு வீரர்களின் மலர்ச்சியின் அருகில் ஒரே மனிதர் நின்றார் என்பதை மறுக்க முடியாது. அந்தப் பருவங்களின் பட்டியலில் அவர் பெயர் பெரிய எழுத்தில் இல்லை. ஆசிரியர்களின் பெயர் எப்போது பெரிய எழுத்தில் வந்தது?

நமக்கு என்ன?

அன்றைய ஆட்டத்தில் பந்தைத் தட்டிவிட்ட ஜெரமையா காஸ்டிலின் கதையும் சுவையானது. அவர் பின்னாளில் தாம் படித்த அலபாமா பல்கலைக்கழகத்தின் கால்பந்து அணிக்கு ஆன்மீக வழிகாட்டியாகப் பணியாற்றினார். ஒரே நொடியில் எதிரெதிரே மோதிய இருவரும், கடைசியில் இளைஞர்களைத் தாங்கும் பணிக்கே வந்து சேர்ந்தார்கள்!

பைனரின் வாழ்வு நம்முன் மூன்று மனிதர்களை நிறுத்துகிறது. விழுந்தவருக்காகப் பேசிய ஷாட்டன்ஹைமர். விழுந்தவரின் கையில் மீண்டும் பந்தைக் கொடுத்த கிப்ஸ். விழுந்த இடத்தை மறைக்காமல், அதையே பிறருக்குப் பாடமாக்கிய பைனர். இவர்களில் ஒருவர் இல்லாதிருந்தாலும் இந்தக் கதை வேறுவிதமாக முடிந்திருக்கும். தன்னம்பிக்கை மட்டும் இருந்தால் எழுந்துவிடலாம் என்று நாம் எளிதாகச் சொல்லிவிடுகிறோம். எழுந்து நிற்க ஒருவருக்குத் தன் கால்கள் வேண்டும். பிறருடைய கைகளும் வேண்டும்.

நம் வீட்டில், நம் தெருவில், நாம் பணிபுரியும் இடத்தில் 'அந்தத் தவறு' என்ற ஒரே சொல்லால் அறியப்படுபவர் யாராவது இருக்கிறாரா? தேர்வில் தோற்ற மகன், தொழிலில் நட்டப்பட்ட தம்பி, ஒரு நாள் நிலைதடுமாறிய நண்பர்... அவர் ஓடிய 187 கஜங்களை நாம் எப்போதாவது எண்ணிப் பார்த்திருக்கிறோமா? கடைசி இரண்டு கஜத்தை மட்டும்தான் திரும்பத் திரும்பப் பேசிக்கொண்டிருக்கிறோமா?

ஒருவேளை அந்த மனிதர் நாமாகவே இருக்கலாம். அப்படியானால், நாம் வெட்கப்பட்டு மூடி வைத்திருக்கும் அந்த இடத்திலிருந்துதான் நாம் பிறருக்குக் கற்றுக்கொடுக்கக்கூடிய மிகச் சிறந்த பாடம் வரக்கூடும். தவறவிட்ட கைகளுக்குத்தான் இறுகப் பற்றுவதன் அருமை தெரியும்.

இந்த வாரம் அப்படிப்பட்ட ஒருவரைத் தேடிச் சென்று, அவர் கையில் மீண்டும் ஒரு பொறுப்பை நம்பிக் கொடுப்போம்.